ஊரிகத்துக் கல்லும் நீரும்

கோலார் தங்கவயல் என்றவுடன் வெளியூரார் உள்ளத்தில் தோன்றுவது தங்கம் ஒன்றே. அங்கு உழைத்த குடும்பங்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். அவர்கள் நாள்தோறும் கண்டது கல். பிற்காலத்தில் ஒரு டன் பாறையை வெட்டி, மேலேற்றி, பொடியாக்கி, சயனைடு கலந்த நீரில் கரைத்தெடுத்தால் கிடைத்த தங்கம் சில கிராம்களே. எஞ்சியது அனைத்தும் கல். கல்லைத் துளைப்பதும், வெடிவைத்துப் பிளப்பதும், தலைக்குமேல் நிற்கும் கல்லைத் தாங்கி நிறுத்துவதும், அந்தக் கல்லுக்கு அஞ்சுவதுமாக நூற்றிருபது ஆண்டுகள் நம் மக்கள் அங்கு வாழ்ந்தனர்.

ஆதலின், ஊரிகத்தைப் பற்றி எழுதப் புகுந்த நான் தங்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கல்லின் வலிமையைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். கல் எதனால் உடைகிறது? ஒரே நாளில் வந்து விழும் பெரும் பளுவாலா, அல்லது நாள்தோறும் ஏறி இறங்கும் சிறு பளுவாலா? அதனுள் நீர் புகுந்தால் என்ன நேரும்? இக்கேள்விகள் பொறியியற் கல்லூரிக்கு மட்டும் உரியவை என எண்ணிவிட வேண்டா. பழைய சுரங்கங்களின் மேல் இன்றும் குடியிருக்கும் நம் உறவினர் பலருக்கு இவை அன்றாட வாழ்க்கையைச் சார்ந்த கேள்விகள். நான் பொறியாளன் அல்லன். மெட்ரிக்குலேஷன் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவன். ஆயினும் படித்தும் கேட்டும் நேரிற் கண்டும் அறிந்தவற்றை என்போன்ற குடும்பத்தினர்க்கு எடுத்துரைக்க இத்தகுதி போதும் என நம்புகிறேன்.

ஊரிகம் செல்லும் வழி

பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெரும்பாதையில் பங்காருப்பேட்டை ஒரு சந்திப்பு. ஆங்கிலேயர் காலத்தில் அதற்குப் பௌரிங்பேட்டை என்று பெயர். அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை ஒன்று தங்கவயலுக்குப் பிரிகிறது. 1894இல் திறக்கப்பட்ட இப்பாதையில் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் ஆகிய நிலையங்கள் உள்ளன. முன்னாளில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்களை இப்பாதை சுரங்கத்தின் வாயிலுக்குக் கொண்டுசேர்த்தது. இன்றோ அவர்தம் பேரப்பிள்ளைகளை விடியற்காலையில் பெங்களூருக்கு ஏற்றிச்சென்று, இரவில் வீடு சேர்க்கிறது. பாதை ஒன்றே, பிழைப்பின் திசைதான் மாறிவிட்டது.

ஊரிகத்தில் இறங்கி நடப்பவர் கண்ணில் முதலிற்படுவன சயனைடுக் குன்றுகள். அரைத்துத் தங்கம் எடுத்தபின் எஞ்சிய கல்மாவு கோடிக்கணக்கான டன் அளவில் அங்கே குவிந்து கிடக்கிறது. உச்சி தட்டையாகவும் பக்கங்கள் மழைநீர் அறுத்த வாய்க்கால்களோடும் காட்சியளிக்கும் அக்குன்றுகளைக் காணும்போதே, கல்லுக்கும் நீருக்கும் உள்ள உறவு நமக்குப் புலப்படத் தொடங்குகிறது. அப்பால் ஷாஃப்டுகளின் இரும்புக் கோபுரங்கள். அவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருந்த 'லைன்' வீடுகள். கோயில்களும் மாதா கோயில்களும் பள்ளிகளும். தெருவிற் கேட்பது பெரும்பாலும் தமிழே.

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் இங்கு வந்தனர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் எழுந்தன. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. குடிநீர், பாலாற்றின்மேல் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவை பலரும் அறிந்த வரலாறு. அறியப்படாத வரலாறு மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

தலைக்குமேல் மூன்று கிலோமீட்டர்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது திகழ்ந்தது. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்கு மேல். மேலிருந்து வரும் விண்கதிர்களை அப்பாறை வடிகட்டியமையால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே கருவிகளை வைத்து 1965இல் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் அடையாளத்தைக் கண்டனர். விண்கதிரையே தடுத்து நிறுத்தும் அளவுக்குத் தடித்த பாறை அது என்றால், அதன் எடையை எண்ணிப் பாருங்கள்.

அங்குள்ள கரும்பாறை ஹார்ன்பிளெண்டு சிஸ்டு எனப்படும். ஏறத்தாழ 270 கோடி ஆண்டு முதுமையுடையது. ஒரு கன மீட்டர் பாறை மூன்று டன் அளவுக்கு எடையிருக்கும். அவ்வாறாயின், 3,000 மீட்டர் ஆழத்தில் கட்டைவிரல் நகத்தளவான ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் ஏறத்தாழ 900 கிலோ எடை அழுத்துகிறது. நூறு கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பதை ஒரு நகத்தின்மேல் அடுக்கினாற்போல என்க. இது குடையப்படாத பாறையின் நிலை. அங்கே ஒரு வழியைக் குடைந்துவிட்டால், அவ்விடம் தாங்கிய பளு இல்லாமற் போய்விடுவதில்லை. பக்கத்துப் பாறையின்மேல் ஏறிக்கொள்கிறது. குடைந்த இடத்தின் ஓரங்களில் அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகக் கூடும்.

ஒரு கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கும் அண்ணன் ஒருவர் மறைந்தால் அவர் சுமந்த பாரம் தம்பிமார் தலையில் விழுவதுபோன்றதே இது. தாங்கக்கூடிய தம்பி தாங்குவான். முன்னரே விரிசல் கண்டவன் நொடிந்துபோவான்.

பாறை வெடிப்பு

தங்கவயலின் பாறை வலியது, எளிதில் வளைந்துகொடுக்காதது. அதுவே அதன் ஆபத்து. மென்மையான கல் பளு ஏறினால் மெல்ல நசுங்கும். வலிய கல்லோ பளுவைத் தன்னுள் அடக்கி வைத்து, எல்லை கடந்த கணத்தில் நாணறுந்த வில்லைப்போலச் சிதறும். முன்னாளில் ஆங்கிலப் பொறியாளர் இதனை 'ஏர் பிளாஸ்ட்' என்று எழுதினர்; பின்னர் 'ராக் பர்ஸ்ட்' என்னும் பெயர் நிலைத்தது. நாம் பாறை வெடிப்பு எனலாம். மருந்து வைத்து வெடிப்பது வேறு. இது பாறை தானே வெடிப்பது. பல டன் எடையுள்ள கல் ஒரு நொடியில் வழியை அடைத்துவிடும். மேலே ஊரில் தரை அதிரும். அடுக்கிய பாத்திரங்கள் ஒலிக்கும். அவ்வொலி கேட்டவுடன் லைன் வீட்டுப் பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடிய காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இங்கு இவ்வெடிப்புகள் நிகழ்ந்தன. 1912இல் தங்கவயலில் அதிர்வுமானிக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தோன்றியபோது அதன் தலைமையகம் தங்கவயலிலேயே அமைந்தது. கல்லின் வலிமையை ஆராய இந்நாட்டில் இதனினும் பொருத்தமான ஊர் வேறு இருந்திருக்க இயலாது.

வெடிப்பைத் தடுக்க முதலில் மரங்களை முட்டுக் கொடுத்தனர். மரம் நசுங்கியது. பின்னர், தங்கம் எடுத்த வெற்றிடங்களில் கருங்கற்களைக் கொத்திச் சுவர்போல அடுக்கி நிரப்பினர். அதன்பின் கான்கிரீட் வந்தது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், வெளியார் கண் என்றும் காணாத அக்கருங்கற் சுவர்களைக் கட்டியவர்கள் நம்மவர். கோபுரம் கட்டிய தச்சர்க்குள்ள பெருமையில் ஒரு பங்கேனும் அவர்களுக்கு உண்டு என்பது என் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாறையின்மேல் நிலையாக நிற்கும் பளு ஒன்று. நாள்தோறும் வந்துபோகும் பளு மற்றொன்று. வேலைமுறை தோறும் வெடி வைத்தனர். ஒவ்வொரு வெடியும் பாறையை ஒரு முறை உலுக்கியது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு பாறை நீங்க, பளு இடம் மாறியது. இவ்வாறு ஆயிரமாயிரம் முறை. பாறை வெடிப்புகள் பல, மருந்து வெடித்த சற்று நேரத்திற்குள் நிகழ்ந்தமை வியப்பன்று.

இருப்புப்பாதை கற்பிப்பது

மீண்டும் மீண்டும் ஏறும் பளுவின் தன்மையை உலகம் முதன்முதலில் தெளிவாகக் கற்றது இரயிலிலிருந்துதான். 1842 மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சு நல்ல இரும்பு. அன்று ஏறிய பளுவும் அது முன்னர்ப் பலமுறை சுமந்த பளுவே. பின் ஏன் முறிந்தது? ஜெர்மானிய இரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் இதனை ஆராய்ந்தார். ஒரே முறை ஏற்றினால் முறிக்காத பளுவும், இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் முறித்துவிடும் என்று நிறுவினார். உலோகத்தின் களைப்பு என்று இதற்குப் பெயர் வந்தது.

கல்லுக்கும் களைப்பு உண்டு. ஒரே முறையில் நூறு பங்கு பளுவைத் தாங்கும் கல், அறுபது முதல் எண்பது பங்கு பளுவைப் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் உடைந்துவிடக்கூடும் என்று ஆய்வுக்கூடங்களிற் கண்டுள்ளனர். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் பல உள. பளு ஏறும்போது அவை சிறிது நீளும். இறங்கும்போது பழைய நிலைக்கு முற்றிலும் திரும்புவதில்லை. அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இறுதியில் விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோக்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதும் அவர்கள் சொன்னதே.

கல்லுக்கு நினைவும் உண்டு என்றால் நகைக்க வேண்டா. ஜோசப் கைசர் என்பார் 1950இல் மூனிக் நகரில் ஒன்று கண்டறிந்தார். பளு ஏறும் பொருள், செவிக்கு எட்டாத நுண்ணொலிகளை எழுப்பும். ஒரு முறை ஏற்றி இறக்கிய பின் மீண்டும் ஏற்றினால், பழைய அளவைத் தாண்டும் வரை அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தாண்டியபின் மீண்டும் ஒலிக்கத் தொடங்கும். அவர் உலோகங்களில் கண்ட இதனைப் பின்வந்தோர் கல்லிலும் கண்டனர்.

இப்போது நீரைச் சேர்த்துக்கொள்வோம். மழைக்காலத்தில் இருப்புப்பாதையைப் பார்த்திருப்பீர்கள். ஜல்லிக்குக் கீழே களிமண் ஊறி நின்றால், சக்கரம் ஒவ்வொன்றும் கடக்கும்போது சிலீப்பர் அமுங்கி, சேற்றுநீர் மேலே பீச்சும். சக்கரம் போனதும் சிலீப்பர் எழ, நீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்த சக்கரம் மறுபடி அமுக்கும். வண்டிக்கு வண்டி அடித்தளம் கரைந்து பள்ளமாகும். உலர்ந்த நிலத்தில் பல்லாண்டு நிற்கும் பாதை, ஊறிய நிலத்தில் ஒரு மழைக்காலத்தில் சீர்கெடும். எனவேதான் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் முதலில் பார்ப்பது வடிகாலை. கனத்த வண்டியும் நீரும் தனித்தனியே செய்யும் கேட்டினும், இரண்டும் சேர்ந்து செய்யும் கேடு பன்மடங்கு.

மணற்கல் குடிக்கும் நீர்

நீர் கல்லை எவ்வாறு தளர்த்துகிறது என்பதை அறிய மணற்கல்லைப் பார்ப்பது எளிது. மணற்கல் என்பது மணல்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லானது. ஒட்டவைக்கும் பசை சிலவற்றில் சிலிக்கா, சிலவற்றில் சுண்ணாம்பு, சிலவற்றில் இரும்புத் துரு, சிலவற்றில் களிமண். மணிகளுக்கிடையே நுண்துளைகள் உள்ளமையால் அது நீரைக் குடிக்கும். நம் மாமல்லபுரத்துக் குடைவரைகள் கருங்கல்லில் அமைந்தவை. கர்நாடகத்தில் சாளுக்கியர் தலைநகராயிருந்த வாதாபியின் குடைவரைகளோ செந்நிற மணற்கல்லில் அமைந்தவை. அங்குள்ள மூன்றாம் குடைவரை கி.பி. 578ஆம் ஆண்டுக்குரியது. மணற்கல் சிற்பிக்கு இணங்கும், மழைக்கும் இணங்கும்.

மணற்கல்லில் நீர் மூன்று வழிகளில் வேலை செய்கிறது. முதலாவது, களிமண் பசையை ஊறவைத்து வழுக்கச் செய்கிறது. இரண்டாவது, விரிசலின் கூர்முனையில் சிலிக்காவின் பிணைப்பை அறுத்து, விரிசல் நீள்வதை எளிதாக்குகிறது. மூன்றாவது, துளைகளில் அடைபட்டு நின்று உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளுகிறது. பிரிட்டனில் 35 வகை மணற்கற்களைச் சோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், நனைந்தபோது வலிமையிழப்பு நூற்றுக்கு 8 முதல் 78 வரை என்று கண்டனர். சிலிக்காப் பசையுள்ள கல் குறைவாக இழந்தது. களிமண் மிகுந்தது பெரிதும் இழந்தது. பார்வைக்கு இரண்டும் மணற்கல்லே.

நனைந்த கல்லின்மேல் பளு ஏறி ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்பதை இருப்புப்பாதை உவமையே விளக்கிவிட்டது. விரிசல் திறக்கும்போது நீரை உறிஞ்சும். மூடும்போது அந்நீர் முனையை நோக்கி நெருக்கும். ஆகவே நனைந்த கல், உலர்ந்த கல்லினும் குறைந்த பளுவில், குறைந்த தடவைகளில் களைத்துவிடுகிறது.

தங்கவயலின் சிஸ்டுப் பாறையும் குவார்ட்சும் மணற்கல்லைப்போல நீரைக் குடிப்பன அல்ல. ஆனால் அவற்றிடையே பிளவுகளும் பழைய முறிவுகளும் உண்டு. நீர் அவ்வழியே செல்லும். இரண்டு பாறைகள் அழுந்தி நிற்பதனாலேயே வழுக்காமல் நிற்கின்றன. அவற்றிடையே நீர் புகுந்து அழுத்தத்துடன் நின்றால், பாறைகள் ஒன்றையொன்று பற்றிய பிடி தளர்கிறது. கல்லின் வலிமை குறையாமலே பிளவு நகர்ந்துவிடும். கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர் 1920களில் இவ்வுண்மையை மண்ணியலில் நிறுவினார்.

நீர் ஏறிய பின்

சுரங்கம் நடந்த காலத்தில் பம்புகள் ஓடி நீரை வெளியேற்றின. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் மழைநீரும் ஊற்றுநீரும் ஏறி, நூற்றிருபது ஆண்டுகள் குடைந்த வழிகளை மெல்ல நிரப்பின. கைவிடப்பட்ட பகுதிகளில் நீர் நிறைந்தபோது அதிர்வுகள் உண்டானதைத் தங்கவயலில் ஆய்வு செய்தோர் பதிவு செய்துள்ளனர். வெடி வைப்பார் இல்லை, வெட்டுவார் இல்லை, ஆயினும் நிலம் அதிர்ந்தது. காரணம் முன்னரே சொன்னவைதான்: பல்லாயிரம் முறை உலுக்கப்பட்டுக் களைத்த பாறை, அதன்மேல் நீங்காத பளு, இப்போது பிளவுகளிற் புகுந்த நீர்.

இது தங்கவயலுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. அமெரிக்காவில் டென்வர் நகரருகே 1962இல் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழ்துளையிற் கழிவுநீரைச் செலுத்தத் தொடங்கினர். அதுவரை அமைதியாயிருந்த பகுதியில் நிலம் அதிரத் தொடங்கியது. 1966இல் நீர் செலுத்துவதை நிறுத்தினர். ஆனால் மிகப் பெரிய அதிர்வுகள் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில். நம் நாட்டில் மகாராஷ்டிரத்துக் கொய்னா அணையில் 1962இல் நீர் தேக்கினர். 1967 டிசம்பர் 11ஆம் நாள் விடியுமுன் ஏற்பட்ட நிலநடுக்கம் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அங்கு ஆண்டுதோறும் பருவமழையில் நீர்மட்டம் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. அதனை ஒட்டிச் சிறு அதிர்வுகளும் வந்துகொண்டே இருக்கின்றன. ஏறி இறங்கும் பளுவாகவும், பிளவிற் புகும் பொருளாகவும் நீரே இருவேறு வேடம் பூணுவதை அங்குக் காண்கிறோம்.

இவற்றால் ஊரிகத்தார் நாளையே ஊரைவிட்டு ஓட வேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. நீர் நிறைந்து ஒரு நிலைக்கு வந்தபின் பாறையும் தன் புதிய நிலைக்குப் பழகுவது உண்டு. ஆழத்திலுள்ள வழிகள் இடிந்தால் மேலே வீடு புதைந்துவிடும் என்பதும் இல்லை. அஞ்சத்தக்கது மேற்பரப்புக்கு அருகிலுள்ள பழைய வழிகளும், சரியாக மூடப்படாத குழிகளுமே. அவற்றின்மேல் நின்றுதான் இதனை எழுதுகிறேன் என்று சொல்லும் அளவுக்கு நம் உறவினர் வீடுகள் நெருக்கமாக உள்ளன.

மாமாவின் சுவர்

ஊரிகத்தில் என் தாய்மாமன் ஒரு பழைய லைன் வீட்டில் வாழ்கிறார். முப்பது ஆண்டுகள் சுரங்கத்துள் வேலை பார்த்தவர். அவர் தகப்பனாரும் சுரங்கத் தொழிலாளியே. ஒரு பாறை வெடிப்பில் உயிர் நீத்தார். மாமாவின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நாள்தோறும் இரயிலிற் போய்வருகிறான். கலியாணம் நிச்சயமானதும், அந்த வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்றான். நான் சென்ற ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இதே பேச்சுத்தான். கடன் தருவார் இருந்தனர். கொத்தனார் நாள் குறிக்கக் காத்திருந்தார்.

மாமா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துச்சென்று சுவரைக் காட்டினார். சன்னல் மூலையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல். அதன் குறுக்கே மூன்று இடங்களிற் சிமெண்டுப் பட்டை பூசி, ஒவ்வொன்றின்மேலும் ஆணியால் தேதியைக் கீறியிருந்தார். இரண்டு பட்டைகள் முழுமையாக இருந்தன. கீழே உள்ள பட்டை மட்டும் மயிரிழை அளவு பிளந்திருந்தது.

"உள்ளே நாங்கள் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்போம், மாப்பிள்ளை. நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். விட்டுப்போன கல் பானைபோல் ஒலிக்கும். தட்டாமல் யாரும் கீழே நிற்க மாட்டோம். இவன் தட்டாமலே மேலே ஒரு வீடு வைக்கச் சொல்கிறான்," என்றார்.

"பெங்களூரில் எல்லாரும் மூன்று மாடி கட்டுகிறார்களே, அப்பா," என்றான் மைத்துனன்.

"அங்கே கீழே மண் இருக்கிறது. இங்கே கீழே உன் தாத்தா வெட்டிய வழி இருக்கிறது," என்றார் மாமா. அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அந்த மூலையைச் சென்று பார்த்தோம். குளியலறை நீரும் கூரைநீரும் வெளியேற வழியின்றி அடித்தளத்தின் ஓரத்திலேயே ஊறிக்கொண்டிருந்தன. பட்டை பிளந்த இடம் அதுவே. பிளந்தது ஆழத்துச் சுரங்கத்தாலா, வீட்டு நீராலா என்று எங்களால் தீர்மானிக்க இயலவில்லை. தீர்மானிக்கக்கூடியதை முதலிற் செய்வது என்று முடிவாயிற்று. மைத்துனனும் நானும் அன்று மாலைக்குள் ஒரு வாய்க்கால் வெட்டி நீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினோம். பிளந்த பட்டையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசி, புதிய தேதி இட்டோம். மாடி வேலை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது. கலியாணத்திற்குப் பின் பிள்ளைகள் பங்காருப்பேட்டையில் வாடகைக்கு இருப்பார்கள். மாமிக்கு அதில் வருத்தம் உண்டு. மருமகள் வந்து விளக்கேற்ற வேண்டிய வீடு அது என்று அவர் கண்கலங்கியதை நான் மறைக்க விரும்பவில்லை.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

தங்கவயலில் வீடோ மனையோ உடையவர்களும், கருங்கல் குவாரிகளும் பழைய சுரங்கங்களும் உள்ள பிற ஊர்களில் வாழ்பவர்களும் கீழ்க்கண்டவற்றை மனத்திற்கொள்ளுதல் நலம்.

முதலாவது, கட்டுமுன் கீழே என்ன உள்ளது என்று கேட்டறிக. விலை மலிவு என்று ஷாஃப்டுக்கு அருகிலுள்ள மனையை வாங்கிவிட வேண்டா. சுரங்க வரைபடங்களை வைத்திருக்கும் அலுவலகத்திலும், அவ்விடத்தில் வேலை பார்த்த முதியோரிடத்திலும் விசாரிக்க வேண்டும். முதியோர் மறைந்துகொண்டிருக்கின்றனர், எந்தத் தெருவுக்கு அடியில் எந்த வழி செல்கிறது என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, நீரைத் தங்கவிடாதீர். ஆழத்திலுள்ள நீரை நாம் அடக்க முடியாது. வீட்டைச் சுற்றியுள்ள நீரை அடக்க முடியும். கூரைநீர், குளியல்நீர், குழாய்க்கசிவு ஆகிய மூன்றும் அடித்தளத்தைவிட்டு அகல வேண்டும்.

மூன்றாவது, கல்லைச் சோதித்து வாங்குக. ஒரு துண்டை நன்றாக உலர்த்தி எடைபோட்டு, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, மேல்நீரைத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். நூறு பங்குக்கு ஐந்து பங்குக்கு மேல் எடை கூடினால் அக்கல் சுமைதாங்கும் சுவருக்கு உகந்ததன்று. சுத்தியால் தட்டினால் நல்ல கல் தெளிந்து ஒலிக்கும்.

நான்காவது, விரிசலைக் கண்டால் சாந்து பூசி மறைக்காதீர். குறுக்கே பட்டை இட்டுத் தேதி எழுதுங்கள். நின்றுபோன விரிசல் பழைய தழும்பு; வளரும் விரிசல் நோய். அதிர்வு உணரப்பட்டால் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பட்டை பிளந்துகொண்டே போனால் பொறியாளரை அழைக்கத் தயங்க வேண்டா. அச்செலவு மாடியின் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

தங்கவயலில் நம் முன்னோர் வெட்டிய தங்கம் 800 டன்னுக்கு மேல் என்பர். அது எங்கெங்கோ சென்றுவிட்டது. அவர்கள் பெற்ற அறிவு மட்டும் நம்மிடம் எஞ்சியுள்ளது: தட்டிப் பார்க்காமல் கல்லுக்குக் கீழே நிற்காதே, நீர் நிற்கும் இடத்தை நம்பாதே, ஒரு நாள் தாங்கிய கல் என்றும் தாங்கும் என்று எண்ணாதே. அவ்வறிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை.